பூனைக்கு வைத்த செங்கல்

அம்பி,

வியாழக்கிழமை காலையில் நீ போன் பண்ணி ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "அப்பா, ஏசிலேந்து ரூமுக்குள்ள தண்ணி சொட்டறது. மெக்கானிக்கைக் கூப்பிடணுமா, நானே ஏதாவது பண்ணிக்கலாமா?" பதில் எனக்கு உடனே தெரிந்தது. இரண்டு வாக்கியத்தில் சொல்லி போனை வைத்திருக்கலாம். "எழுதி அனுப்பறேன்டா" என்றேன். "இதுக்குப் போய் லெட்டரா?" என்று நீ சிரித்தாய். நீயும் வித்யாவும் விழிஞ்ஞத்துக்குக் குடிபோன இந்த எட்டு மாதத்தில் நீ என்னிடம் சிரித்துப் பேசியது அதுதான் முதல் தடவை. முப்பது வருஷம் ஆபீசில் குறிப்பெழுதிய கை இது. வாயில் வராதது கையில் வரும் என்று நம்பி உட்கார்ந்திருக்கிறேன். இதில் உன் ஏசியைப் பற்றியும் இருக்கிறது, உன் மனைவிக்கு நான் செய்த ஒரு அநியாயத்தைப் பற்றியும் இருக்கிறது. இரண்டும் ஒரே விஷயம்தான் என்பது படித்தால் புரியும். பாதியில் மடித்து வைத்துவிடாதே.

முதலில் உன் கேள்வி. ஏசி காற்றைக் குளிரவைக்கும்போது அதிலுள்ள ஈரத்தையும் பிழிந்து எடுக்கிறது. அந்தத் தண்ணீர் உள்ளே ஒரு தட்டில் விழுந்து, மெல்லிய குழாய் வழியாக வெளியே போகவேண்டும். போக வழியில்லாவிட்டால் உன் சுவரில்தான் வழியும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வெளியே போய் அந்தக் குழாயின் முனையைப் பார். பாசியோ, குளவி கட்டிய மண்ணோ அடைத்திருக்கும். குழாய் நெடுகச் சரிந்து இறங்கவேண்டும். நடுவில் தொய்ந்து கிடந்தால் அங்கே தண்ணீர் தேங்கும். முக்கியமாக, குழாயின் முனை எந்தத் தண்ணீரிலும் முழுகி இருக்கக் கூடாது. இதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள், பின்னால் தேவைப்படும். பிறகு முன்மூடியைத் திறந்து ஃபில்டரை உருவிக் குழாயடியில் கழுவி, நிழலில் நன்றாகக் காயவைத்துப் போடு. மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை இதைச் செய். ஏசியை நிறுத்துவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் வெறும் ஃபேன் மோடில் ஓடவிடு. உள்ளே இருக்கிற ஈரம் காய்ந்துவிடும். உள்ளே பனிக்கட்டி பிடித்திருந்தால் அணைத்துவிட்டு அது தானாகக் கரையும்வரை பொறு. நான் ஒரு தடவை கத்தியால் சுரண்டப் போனேன், உன் அம்மா கையைப் பிடித்து நிறுத்தினாள். இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற குழாய் கிழிந்து கேஸ் முழுக்கப் போயிருக்கும்.

உன் வீடு கடலைப் பார்த்து இருக்கிறது. காற்று சுகமாகத்தான் இருக்கும், ஆனால் அது உப்பையும் சேர்த்துக் கொண்டுவரும். வெளியே வைத்திருக்கும் பெட்டியின் மெல்லிய தகடுகளை அந்த உப்பு அரித்துவிடும். மாதம் ஒரு தடவை மின்சாரத்தை அணைத்துவிட்டு, நல்ல தண்ணீரை மெதுவாக அதன்மேல் விடு. வேகமாகப் பீய்ச்சினால் தகடு வளைந்துவிடும். பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று அந்தப் பெட்டியைச் சுற்றிச் செடித்தொட்டி அடுக்காதே. சூடான காற்று வெளியேற இடமில்லாவிட்டால் எவ்வளவு நேரம் ஓடினாலும் அறை குளிராது. சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் ஃபேனை மாற்ற ஓடாதே. பெரும்பாலும் அதன் தலையில் இருக்கிற சின்னக் கெப்பாசிட்டர்தான் காரணம். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று நீ யோசிப்பாய். ஒவ்வொன்றையும் முதலில் தப்பாகச் செய்துதான் தெரிந்துகொண்டேன்.

உனக்கு ஒன்பது வயதிருக்கும்போது நம் ஃபிரிட்ஜ் குளிராமல் போயிற்றே, ஞாபகம் இருக்கிறதா? பால் திரிந்துபோய் அம்மா கொட்டினாள். நான் எழுந்து போய் ஃபிரிட்ஜைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. உன்னைக் கூப்பிட்டு நிறுத்தி, "நாளெல்லாம் கதவைத் திறந்து திறந்து மூடினா அது எப்படிடா குளிரும்?" என்று கத்தினேன். நீ அழவில்லை. "நான் திறக்கலை" என்று ஒரு தடவை சொன்னாய், அவ்வளவுதான். அப்புறம் ஒரு வாரம் தண்ணீர் வேண்டுமென்றால்கூட நீ ஃபிரிட்ஜ் பக்கம் போகாமல் பானையிலிருந்து குடித்தாய். கடைசியில் ஃபிரிட்ஜை நகர்த்திப் பார்த்தால், அதைச் சுவரோடு சுவராக ஒட்டி வைத்திருந்ததில் பின்னால் இருந்த கம்பிவலை முழுக்க ஒரு விரல் கனத்துக்குத் தூசி. அப்படி ஒட்டி வைத்தவன் நான்தான், நடையில் இடம் போதவில்லை என்று. தூசியைத் துடைத்து ஒரு சாண் முன்னால் இழுத்துப் போட்டதும் சரியாகிவிட்டது. உன்னிடம் அதை நான் சொல்லவே இல்லை. இப்போது சொல்கிறேன். நீ திறக்கவில்லைடா.

கீசரும் அதே கதைதான். தண்ணீர் சுடவில்லை என்று அம்மா ஒரு மாதம் சொன்னாள். "நீ குழாயை முழுசா திறந்துக்கறே, அதான்" என்று ஒரு மாதமும் நான் அதே பதிலைச் சொன்னேன். கழற்றிப் பார்த்தால் சூடாக்குகிற கம்பிமேல் வெள்ளைப் பொருக்கு கட்டிப்போய் கம்பியே தெரியவில்லை. உங்கள் ஃபிளாட்டில் போர்வெல் தண்ணீர் என்றாய், அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை அதைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல். குழாயைத் தொட்டால் சுருக்கென்று இருந்தால் அந்த நிமிஷமே அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு, அதில் மட்டும் அலட்சியம் வேண்டாம். நான் சொல்ல வருவது உனக்குப் புரிந்திருக்கும். ஏதாவது கெட்டுப்போனால் என் கண் முதலில் மனுஷர் பக்கம் போகும், மிஷின் பக்கம் போகாது. யாராவது ஒருத்தரைக் காரணமாக்கிவிட்டால் எனக்கு ஒரு நிம்மதி. எழுந்து பார்க்கவேண்டாமே.

இனி வித்யா விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணத்துக்கு முன்னால்தான் எங்கள் அறைக்கு ஏசி போட்டோம். கரமனையில் அவள் பிறந்தகத்திலிருந்து வித்யா வந்தபோது கூடவே மின்னுவும் வந்தது. காதில் மட்டும் கறுப்பு, மற்ற இடமெல்லாம் வெள்ளை. அக்கிரகாரத்து வீட்டில் பூனையா என்று எனக்கு உள்ளூர எரிச்சல். புது மருமகள், வாயைத் திறக்க முடியவில்லை. அம்மாவுக்கு அதன்மேல் ஒரு வெறுப்பும் இல்லை. நான் பார்க்காத நேரத்தில் அதற்குப் பால் சாதம் பிசைந்து வைப்பாள் என்று எனக்குத் தெரியும். எனக்கு என் மடி வேஷ்டியைப் பற்றித்தான் கவலை. யாரும் தொடாமல் கொடியில் உயரத்தில் காயவேண்டிய வேஷ்டி. கூடத்துக் கொடிக்குக் கீழே அலமாரி. அந்த அலமாரிமேல்தான் மின்னு ஏறி உட்காரும். வால் பட்டால் மடி போயிற்று. வைகாசிக் கடைசியில் இடவப்பாதி மழை ஆரம்பித்ததும் ஒரு யோசனை பண்ணினேன். எங்கள் அறைக்குள் கொடி கட்டினேன். கதவைச் சாத்தினால் பூனை வராது, ஏசியைப் போட்டால் வேஷ்டி சீக்கிரம் காயும். பெரிய புத்திசாலி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். தினமும் மூன்று வேஷ்டி, ஒரு அங்கவஸ்திரம், பிழிந்தும் பிழியாமலும் அந்த அறையில் தொங்கியது. ஒரே அறைதான், ஒரே சாத்திய கதவுதான், அதற்குள்தான் அம்மாவும் தூங்கினாள்.

மூன்று வாரத்தில் அம்மாவுக்கு இருமல் வந்தது. காலையில் எழுந்ததும் மூச்சு வாங்கும். உட்கார்ந்து மார்பைப் பிடித்துக்கொள்வாள். நீதான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாய், நானும் கூட வந்தேன். டாக்டர் பத்துக் கேள்வி கேட்டார், அதில் ஒன்று, வீட்டில் பிராணி ஏதாவது வளர்க்கிறீர்களா என்பது. மற்ற ஒன்பதும் என் காதில் விழவில்லை. அறையில் ஈரம் உண்டா என்றும் அவர் கேட்டிருக்கிறார். "இல்லை" என்று நான்தான் பதில் சொன்னேனாம், அம்மா பிறகு சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் கூடத்தில் நின்றுகொண்டு, "பூனைதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். முதலில் அதைக் கொல்லைப்பக்கமாக வைத்தீர்கள். அது ஜலதாரை வழியாக, முற்றத்துத் தண்ணீர் வெளியே போகிற அந்த ஓட்டை வழியாக நுழைந்து உள்ளே வந்துவிடும். ஒரு செங்கலைக் கொண்டுவந்து ஓட்டையில் செருகினேன். அன்றைக்கு வித்யா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை, வித்யா வெறும் கூடையோடு திரும்பி வந்து என்முன் நின்றாள். "அப்பா, மின்னுவை பாலராமபுரத்துல என் ஃபிரெண்டாத்துல விட்டுட்டு வந்துட்டேன். இனிமே அம்மாவுக்கு சரியாயிடும், அல்லே?" என்றாள். கண் சிவந்திருந்தது. நான் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "பார்க்கலாம்" என்றேன். "சரிம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இருமல் போகவில்லை. ஐப்பசியில் துலா மழை பிடித்ததும் இன்னும் அதிகமாயிற்று. "பூனை போனாலும் முடி ஆறு மாசம் நிக்கும்" என்றேன். அந்த ஆறு மாசக் கணக்கு எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்று கேட்காதே, வாயில் வந்தது. அந்தப் பெண் நாலு நாள் லீவு போட்டு வீட்டிலிருந்த திரைச்சீலை, ஜமக்காளம், தலையணை உறை எல்லாவற்றையும் தோய்த்தாள். தோய்த்ததைக் காயப்போட இடமில்லாமல் தவித்தாள். என் கொடியில் மட்டும் போடவில்லை, மடிக்கொடியாயிற்றே. அப்போதும் இருமல் போகவில்லை. கார்த்திகையில், "ஆபீசுக்குப் பக்கமா வீடு கிடைச்சிருக்குப்பா" என்று நீ சொன்னாய். நாம் இருவருமே ஆபீசைப் பற்றிப் பேசவில்லை என்று இருவருக்கும் தெரியும்.

நீங்கள் போய்ப் பத்து நாள் கழித்து, நம் ஏசியிலிருந்தும் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது, இப்போது உன்னுடையது சொட்டுகிற மாதிரியே. பாறசாலைப் பக்கத்திலிருந்து ஸ்டீபன் என்று ஒரு மெக்கானிக் வந்தார். மூடியைத் திறந்து ஃபில்டரை உருவினார். அதில் போர்வை மாதிரி எதுவோ படிந்திருந்தது. "சாரே, இத எப்பக் கழுவினீங்க?" என்றார். கழுவவேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. "இங்கே ஒரு பூனை இருந்தது, அதோட முடியா இருக்கும்" என்று நான் முந்திக்கொண்டேன். அவர் அதில் கொஞ்சம் கிள்ளி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பூச்ச முடியா? ஒண்ணுகூட இல்ல சாரே. இது பருத்தி நூலு. இந்த ரூமுல துணி ஒணக்குவீங்களா?" என்று கேட்டுக்கொண்டே அண்ணாந்து பார்த்தார். என் மூன்று வேஷ்டியும் சொட்டச்சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தன. பிறகு உள்ளே டார்ச் அடித்துக் காட்டினார். காற்றை வெளியே தள்ளுகிற உருளை முழுவதும் கரிக்கட்டை மாதிரிக் கறுப்பாகப் பூசணம். "இந்தக் காத்தத்தான் அம்மா இத்தன நாளா இழுத்தாவளா?" என்றார். அப்புறம் முற்றத்துக்குப் போனார். ஏசியின் குழாய் இறங்குகிற இடத்தில் சேறும் தண்ணீருமாக ஒரு குட்டை. குழாயின் முனை அதற்குள் முழுகிக் கிடந்தது. "இங்க ஆரு செங்கல் வச்சது?" என்று கேட்டார். "நான்தான், பூனை வராம இருக்க" என்றேன். "பூச்ச வராது சாரே, தண்ணியும் போகாது" என்றார்.

அவர் எல்லாவற்றையும் கழுவி, குழாயை வெட்டி உயர்த்திக் கட்டிவிட்டுப் போனார். செங்கலை எடுத்து ஓரமாக வைத்திருந்தார். அவர் தெருமுனை தாண்டியதும் நான் அதை மறுபடி ஓட்டையில் வைத்தேன். இது என்ன புத்தி என்று நீ கேட்பாய். எடுத்தால் ஏன் எடுத்தீர்கள் என்று அம்மா கேட்பாள், அதற்குப் பதில் சொல்லவேண்டும். வேஷ்டியை மட்டும் சத்தமில்லாமல் கூடத்துக்கு மாற்றினேன், பூனைதான் இல்லையே என்று. மார்கழி பாதியில் அம்மாவின் இருமல் நின்றது. நான் தனியாகப் போய் டாக்டரிடம் பூசணத்தைப் பற்றிச் சொன்னேன். அதனால்தான் வந்திருக்கவேண்டும், சுத்தம் செய்ததும் நின்றதே என்றார். ஆனால் அம்மாவுக்கு அது தெரியாது. அவள் கண்ட கணக்கு வேறு. பூனை போயிற்று, நீங்கள் போனீர்கள், இருமலும் போயிற்று. நம் ஸ்ரீவராகம் தெருவில் வீட்டுக்கு வீடு அப்படித்தான் சொன்னாள். அவள் சொன்னபோதெல்லாம் நான் பக்கத்தில் இருந்தேன். எட்டு மாதம் வாயைத் திறக்கவில்லை.

இன்னும் எத்தனை நாள் அப்படியே ஓட்டியிருப்பேனோ தெரியாது. வியாழக்கிழமை போனை வைக்கும் முன்னால், சும்மா பேச்சுக்கு, "மின்னுவைக் கொண்டுவந்துட்டேளா?" என்று கேட்டேன். உங்கள் சொந்தக் குடித்தனம், தடுக்க யாரும் இல்லை, எப்போதோ வந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கே ஞாபகம் இருக்காது. "இல்லப்பா. வித்யா வேண்டாம்னுட்டா. என்னிக்காவது அம்மா வந்தா இருமல் வந்துடுமேங்கறா. சனிக்கிழமை சனிக்கிழமை பாலராமபுரம் போய்ப் பார்த்துட்டு வரா" என்றாய். என் வீட்டில் அவள் இருக்கமுடியாமல் பண்ணினேன். அவளோ தன் வீட்டில் எங்களுக்காக ஒரு இடத்தைக் காலியாக வைத்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது, அம்பி. இந்த வயதில் அழுகை வருவதைக்கூடச் சொல்லிக்கொள்ளலாம், தப்பில்லை.

நேற்றுச் சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். வேஷ்டி, செங்கல், ஸ்டீபன், டாக்டர் எல்லாவற்றையும் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "எட்டு மாசமா அந்தப் பொண்ணைப் பத்தி நான் ஊரெல்லாம் சொல்லிண்டிருந்தேனே, அதைக் கேட்டுண்டே நீங்க காபி குடிச்சேளா?" இன்று காலையில் குளித்துவிட்டு நேரே தெருவில் இறங்கினாள். எதிராத்துக்குப் போய், "பூனை இல்லையாம், இவரோட மடி வேஷ்டியாம்" என்று அவள் சொல்வது எனக்கு உள்ளேவரை கேட்டது. நாலு வீடு முடிந்திருக்கிறது, இன்னும் முழுத்தெரு பாக்கி. மாலையில் கோவிலுக்குப் போகிறவன் நான், இந்தத் தெரு வழியாகத்தான் போகவேண்டும். போகிறேன், எனக்கு இது தேவைதான்.

உனக்கு நான் சொல்லும் புத்திமதி ஒன்றே ஒன்று. வீட்டில் சுட்டாலும் சரி, குளிர்ந்தாலும் சரி, சொட்டினாலும் சரி, முதலில் மூடியைத் திறந்து பார். பார்த்த பிறகு யாரையாவது திட்டவேண்டியிருந்தால் திட்டிக்கொள், அநேகமாகத் தேவைப்படாது. உன்னிடமும் என் சாடை கொஞ்சம் இருக்கிறது, அதனால்தான் சொல்கிறேன். இந்தக் கடிதத்தை வித்யாவிடம் சுருக்கிச் சொல்லாதே, கையில் கொடு. அவளுக்குத் தனியாக இதோ: வித்யா, அம்மா இருமியது உன் மின்னுவால் இல்லை, என்னால். தெரிந்தும் எட்டு மாதம் உன்மேல் பழி கிடக்கவிட்டேன். என்னை மன்னித்துவிடு என்று கேட்கிறேன். உடனே மன்னிக்கவேண்டும் என்று கேட்கவில்லை.

செங்கலை இன்று எடுத்துவிட்டேன். மழை பெய்துகொண்டிருக்கிறது, முற்றத்துத் தண்ணீர் மளமளவென்று போகிறது. அம்மா உங்கள் வீட்டுக்கு எப்போது போகலாம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள், நீங்கள் கூப்பிட்டால் நானும் வருவேன். ஆனால் இந்தச் சனிக்கிழமை வித்யா பாலராமபுரம் போகும்போது கூடையை எடுத்துக்கொண்டு போகட்டும். முதலில் மின்னு வரட்டும், பிறகு நாங்கள் வருகிறோம்.

அப்பா